மலைமண்ணும் பீங்கான் கலையும்

தேயிலையைப் பற்றி நம்மவர் எழுதியது மிகுதி. தேநீரை ஏந்தி நிற்கும் கோப்பையைப் பற்றி எழுதியது சொற்பம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் பாதையில், திரிங்காப் என்றொரு சிற்றூர் உண்டு. தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த ஊர் அது. இந்நாட்டுச் சீனர் காப்பிக் கடைகளில் தேநீர் கேட்டால், பூ அச்சிட்ட தடித்த வெள்ளைக் கோப்பையில் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. அக்கோப்பையை நாம் பீங்கான் என்கிறோம். சோற்றுத் தட்டை மலாய்க்காரர் பிங்கான் என்கின்றனர். இவ்விரு சொற்களையும் பாரசீகச் சொல் ஒன்றோடு உறவுபடுத்துவர் மொழியறிஞர். பொருளைச் செய்தவன் சீனன், பெயரிட்டவன் பாரசீகன், இரண்டையும் கடல்வழியே பெற்றுக்கொண்டவர்கள் தமிழரும் மலாய்க்காரரும்.

அப்பீங்கானைக் கொண்டு நிலக்காட்சியையும் சமுதாயத்தின் துயரத்தையும் ஒருங்கே சொல்ல முற்பட்ட கலைஞர் சிலர் நம் காலத்தில் தோன்றியுள்ளனர். அவருள் தலையாயவர் சீன நாட்டு ஐ வெய்வெய். அவருடைய படைப்புகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அவரிடம் செல்லுமுன் மண்ணைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. ஓவியனுக்கு வண்ணம் எதுவாயினும் ஓவியம் உண்டு. பீங்கான் கலைஞனுக்கோ குறிப்பிட்ட ஒரு மண் இல்லையேல் கலையே இல்லை. அந்த மண் கேமரன் மலையின் அடிவாரத்திலேயே கிடக்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

மலாயாத் தீபகற்பத்தின் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் தித்திவங்சா மலைத்தொடரில் கேமரன் மலை ஒரு பகுதி. இத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இக்கல் உண்டாயிற்று. ஒரு துண்டை உடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதனுள் பல வகைத் துணுக்குகள் தெரியும். கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ் என்னும் படிகம். ஏடு ஏடாகப் பிரிவது அப்பிரகம். வெளுத்து மங்கலாகத் தோன்றுவது பெல்ஸ்பார். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது சிறிது புளிப்பேறிய நீராகிறது. அந்நீர், இங்குள்ள வெப்பத்தின் துணையோடு, பெல்ஸ்பாரைச் சிறுகச் சிறுகத் தின்கிறது. அதிலுள்ள பொட்டாஷ் போன்ற உப்புகள் கரைந்து ஆற்றோடு போகின்றன. எஞ்சி நிற்பது வெண்மையான, மாவு போன்ற களிமண். இதற்குக் கயோலின் என்று பெயர். பீங்கானின் உயிர் இதுதான்.

கேமரன் மலைக்குப் பழைய பாதை தாப்பாவிலிருந்து ஏறுகிறது. அந்தத் தாப்பாவிலும் அடுத்துள்ள பீடோரிலும் கயோலின் வெட்டி எடுக்கின்றனர். மலைக்குச் செல்லும் பயணிகள் இடிகுழிகளின் அருகே பேருந்தில் கடந்து போகிறார்கள்; எதைக் கடந்தோம் என்று அறியார். கயோலின் என்ற சொல்லே ஓர் ஊர்ப்பெயர். சீனத்தில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெசென் நகருக்கருகே கௌலிங் என்ற இடம் உண்டு. அங்குத் தோண்டிய மண்ணுக்கு அவ்விடத்தின் பெயரே நிலைத்தது. கௌலிங் என்றால் உயர்ந்த மலைமுகடு என்று பொருள். உயர்நிலம் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட மலையின் அடியில், உயர்முகடு என்று சீனர் பெயரிட்ட மண் கிடைப்பது தற்செயல்தான். ஆயினும் சுவையான தற்செயல்.

கல் மண்ணாவது மலையடிவாரத்தில் மட்டும் நிகழ்வதன்று. தேயிலை வேரூன்றிய சரிவுகளிலும், திரிங்காப்பில் கோசும் தக்காளியும் விளையும் படிநிலங்களிலும் இதே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. காடு மூடியிருக்கும் வரை அம்மண் மலையோடு ஒட்டி நிற்கும். காட்டை வெட்டிச் சரிவைச் செதுக்கினால் முதல் பெருமழையிலேயே ஆற்றுக்கு வந்துவிடும். தேயிலைச் செடியாவது நெருங்கிப் படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் பிடுங்கி மறுபடி நடும் காய்கறிக்கு அந்த ஆற்றல் இல்லை. மின்சாரத்துக்காக ரிங்லெட்டில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணைத் திட்டம் 1963-ஆம் ஆண்டில் முடிந்தது. அதன் நீர்த்தேக்கத்தை வண்டல் விழுங்கி வந்திருக்கிறது. ஓயாமல் தூர் வாரியும் தீரவில்லை. கொள்ளளவு குறைந்த தேக்கம் பெருமழையைத் தாங்குவது அரிது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், ஊர் உறங்கிய வேளையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. தேநீர்க் கோப்பை ஆகும் மண்ணும் அணையைத் தூர்க்கும் மண்ணும் ஒரே கருங்கல்லின் பிள்ளைகள். இந்த உறவை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கயோலின் ஒன்றே பீங்கானாகிவிடாது. அது எளிதில் உருகாத மண். அதனோடு, உருகிக் கண்ணாடியாகும் பெல்ஸ்பார்க் கல்லையும் படிகத்தையும் பொடித்துச் சேர்க்க வேண்டும். ஏறத்தாழப் பாதிப் பங்கு கயோலின், மற்ற இரண்டும் கால் கால் பங்கு என்பது பொதுவான கலவை. இதனை 1,300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் சுட்டால், பெல்ஸ்பார் உருகிக் கயோலினின் இடைவெளிகளில் பாய்ந்து இறுகுகிறது. அப்போதுதான் விளக்கின் முன் பிடித்தால் விரலின் நிழல் தெரியும் வெண்மை பிறக்கிறது. நம் ஊர்ப் பானை இதில் பாதிச் சூட்டுக்குச் சற்று மேலேயே வெந்துவிடும். அதனால்தான் பானையில் வைத்த நீர் கசிந்து குளிர்கிறது. பீங்கானில் ஒரு சொட்டும் ஊறுவதில்லை.

ஜிங்டெசெனில் தங்கியிருந்த தாந்திரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1712, 1722 ஆகிய ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள்தாம் இத்தொழிலின் நுட்பத்தை ஐரோப்பாவுக்குத் தெளிவாக உணர்த்தின. சீனத் தொழிலாளர் கயோலினை எலும்பு என்றும் மற்றக் கல்லைத் தசை என்றும் கூறுவதாக அவர் எழுதினார். எலும்பில்லாமல் தசையை மட்டும் கொண்டு உடல் சமைக்க முயன்ற அயல்நாட்டாரைப் பார்த்து அவர்கள் நகைத்தார்களாம். அவர் சொன்ன இன்னொரு செய்தி நமக்கு அதைவிட முக்கியமானது. ஒரு பாத்திரம் முடிவதற்குள் 70 பேரின் கைகளைக் கடக்கிறது என்றார். ஒருவர் கோடு மட்டும் இடுவார். மற்றொருவர் பூ மட்டும் வரைவார். மலையும் நீரும் வரைபவர் வேறு. பறவை வரைபவர் வேறு. முடிந்த கலத்தில் அவர்களுள் ஒருவர் பெயரும் இராது.

அக்கலங்கள் தமிழகத்துக்குப் புதியனவல்ல. இராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினத்தில் 1987-ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பேராசிரியர் சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் அவற்றை ஆராய்ந்துள்ளனர். அதே காலத்தில் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் ஒன்று எழுப்பியிருந்தனர். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அங்குக் கிடைத்திருக்கிறது. வெண்பீங்கானுக்குப் புகழ்பெற்ற டெகுவாவின் சரக்கு கப்பலேறியது அத்துறைமுகத்தில்தான். ஆக, நம் முன்னோருக்குப் பீங்கான் அரண்மனைக் காட்சிப்பொருள் மட்டுமன்று; பொதி கட்டிக் கப்பலில் ஏற்றி இறக்கிய வாணிகச் சரக்கு.

ஐரோப்பிய மன்னர்கள் அதன்மேல் கொண்ட மோகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சாக்சனி நாட்டு அகஸ்டஸ் மன்னன் 1717-ஆம் ஆண்டில் 600 குதிரைப்படை வீரரைப் பிரஷ்ய மன்னனுக்குக் கொடுத்து, 151 பீங்கான் கலங்களை வாங்கிக்கொண்டான். ஒரு சாடிக்கு நான்கு மனிதர் என்று விலை வைத்த வாணிகம்! அவனுடைய காவலில் அடைபட்டிருந்த பொட்கர் என்பவன்தான் பரிசோதனைகள் செய்து, 1710-இல் மைசன் தொழிற்சாலை தோன்றக் காரணமானான். பீங்கானின் வெண்மைக்குப் பின்னால் மனிதர் இருப்பதை மறைக்கும் பழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

மறைப்பதற்கு மிகவும் உதவியது நிலக்காட்சி. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லோ மரச் சித்திரம் என்றொரு நீல அச்சு பிறந்தது. தாழ்ந்த கிளைகளுடன் ஒரு மரம், அருகே மாளிகை, சிறிய பாலம், பாலத்தின்மேல் மூன்று உருவங்கள், ஓர் ஓடம், வானில் இரு பறவைகள். காதலர் இருவர் தப்பியோடிப் பறவைகளாய் மாறிய சீனக் கதையை அது குறிப்பதாக உலகம் நம்பியது. சீனத்தில் அப்படியொரு கதையே இல்லை. சரக்கு விற்பதற்காக ஆங்கிலேயர் புனைந்தது. கோடிக்கணக்கான தட்டுகளில் அச்சான அந்தச் சீனத்தில் வியர்வை சிந்துபவன் எவனும் இல்லை. அக்காலத்தில் அதே மேசைமீது வைத்த சர்க்கரைக் கிண்ணங்கள் சிலவற்றில், இது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததன்று என்று பொறித்திருந்தார்கள். அடிமை வாணிகத்தை எதிர்த்த நல்லோரின் முயற்சி அது, போற்றத்தக்கதே. ஆனால் அடிமைமுறை ஒழிந்த 1834-ஆம் ஆண்டிலேயே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் இந்தியாவிலிருந்து புறப்பட்டன என்பதை நாம் மறக்க முடியுமா? அதைப் பொறித்த கிண்ணம் எதுவும் அப்போது விற்பனைக்கு வரவில்லை.

இந்த வில்லோச் சித்திரத்தையே எடுத்து அதற்குள் மனிதரை மீட்டவர் பால் ஸ்காட் என்னும் ஆங்கிலக் கலைஞர். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியாவில் வாழ்பவர். பழைய நீலத் தட்டுகளின் பாணியை அப்படியே வைத்துக்கொண்டு, அமைதியான நாட்டுப்புறக் காட்சியில் அணுமின் நிலையத்தையோ காற்றாலையையோ நுழைத்துவிடுவார். தொலைவிலிருந்து பார்த்தால் பாட்டி காலத்துத் தட்டு. அருகே வந்தால் திடுக்கிடுவோம். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் இரவு, அவர் வாழும் பகுதியை ஒட்டிய மோர்கம் வளைகுடாவில் மட்டி பொறுக்கிய சீனத் தொழிலாளர் 20 பேருக்கு மேல், திடீரென ஏறிய கடலில் மூழ்கி மாண்டனர். கள்ளத்தனமாய்க் கொண்டுவரப்பட்டவர்கள், அலையின் வேகத்தையும் அறியாதவர்கள். நம் நாட்டுச் சந்தையில் கெராங் என்று கூறுபோட்டு விற்பார்களே, அதைப் போன்ற மட்டிதான் அது. அவர்கள் நினைவாக ஸ்காட் வில்லோச் சித்திரத்தைப் புதுக்கினார். பொய்ச் சீனம் இரண்டு நூற்றாண்டு ஆண்ட தட்டில் மெய்யான சீனர் இடம்பெற்றது இவ்வாறுதான்.

இனி ஐ வெய்வெய். இவர் 1957-ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தை ஐ சிங் சீனத்தின் புகழ்பெற்ற கவிஞர். வலதுசாரி என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் குடும்பத்தோடு தொலைவிலுள்ள சிங்கியாங் பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டார். கவிதை எழுதிய கை பல்லாண்டு கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தது. மகன் வளர்ந்தது அச்சூழலில். பிற்காலத்தில் சிற்பம், கட்டடம், திரைப்படம் எனப் பல துறைகளில் அவர் உழைத்தாலும், பீங்கானுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். அரசர்கள் ஆண்ட காலத்தில் அரண்மனைக்குக் கலம் செய்த ஜிங்டெசென் நகரத்தாரைக் கொண்டே தம் படைப்புகளை ஆக்குவித்தார்.

மலையிலிருந்து தொடங்குவோம். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீலச் சாடி ஒன்றில், குய்கு என்னும் முனிவர் புலியும் சிறுத்தையும் பூட்டிய வண்டியில் மலையிறங்கும் காட்சி தீட்டப்பட்டிருந்தது. 2005-ஆம் ஆண்டில் இலண்டன் ஏலத்தில் அச்சாடி ஒன்றரைக் கோடிப் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. உடனே ஐ வெய்வெய், செர்ஜ் ஸ்பிட்சர் என்பவருடன் சேர்ந்து அதே வடிவில் 96 சாடிகளைச் செய்வித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் மட்டுமே சித்திரம்; மறு பாதி வெறும் வெள்ளை. வரிசையாய் நிறுத்திய சாடிகளை ஒருபுறம் நின்று பார்த்தால் மலையும் மரமும் முனிவரும். மறுபுறம் போனால் எதுவுமில்லை. மலை எங்கே போயிற்று என்று பார்ப்பவர் திகைக்க வேண்டும் என்பதே நோக்கம் போலும். விலைக்கும் கலைக்கும் உள்ள தொடர்பை இதைவிடக் குறும்பாகக் கேலி செய்ய முடியாது.

2006-ஆம் ஆண்டில் செய்த எண்ணெய்ச் சிதறல் என்ற படைப்பு வேறு வகை. கன்னங்கரிய மெருகிட்ட பீங்கான் தட்டைகளைத் தரையில் குட்டை குட்டையாய்ப் பரப்பிவைத்தார். கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய் நிலத்தில் தேங்கியது போன்றே இருக்கும். வெண்மைக்குப் பெயர்போன பொருளைக் கறுப்பாக்கியதிலேயே பாதிச் செய்தி அடங்கிவிட்டது. அழகு என்ற ஒன்றை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றம் தரலாம். எனக்கோ அவருடைய படைப்புகளுள் மிகச் சிக்கனமானது இதுவே என்று தோன்றுகிறது.

ஆயினும் உலகம் அவரை அறிந்தது சூரியகாந்தி விதைகளால். இலண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடம் பழைய மின்நிலையம் ஒன்றில் அமைந்தது. அதன் இயந்திர மண்டபத்தில் 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் 10 கோடிப் பீங்கான் விதைகள் பரப்பப்பட்டன. மொத்த எடை 150 டன். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்து, 1,300 பாகை சூட்டில் சுட்டு, சிறு தூரிகையால் கறுப்புக் கோடு தீட்டியது. ஜிங்டெசெனில் 1,600 பேர் இரண்டரை ஆண்டு இவ்வேலை செய்தனர். பெண்கள் பலர் விதைகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, வீட்டு வேலைக்கு நடுவே வரைந்து கொடுத்தனர். விதைக்குச் சில கோடுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்று. உற்றுப் பார்த்தால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

ஏன் சூரியகாந்தி? மாசேதுங் காலத்துச் சுவரொட்டிகளில் தலைவர் சூரியன். மக்கள் அவரை நோக்கித் திரும்பிய சூரியகாந்திகள். அதே காலத்தில் ஏழைகள் ஒருவருக்கொருவர் பங்கிட்டுக் கொறித்ததும் சூரியகாந்தி விதையே. அடக்குமுறையின் சின்னமும் அன்பின் சின்னமும் ஒரே பண்டமாய் அமைந்தன. மண்டபத்தில் பரந்த விதைகள் தொலைவிலிருந்து பார்ப்போருக்குச் சாம்பல் நிறக் கடற்கரை போலவும், உழுத வயல் போலவும் தோன்றின. நிலக்காட்சி என்பதை வரைந்து காட்டாமல், மக்கள் நடந்து செல்லும் நிலமாகவே செய்துவிட்டார்.

நடக்க முடிந்தது சில நாள்களே. கால்பட்டு விதைகள் உரசியபோது நுண்ணிய தூள் கிளம்பியது; நெடுநேரம் சுவாசித்தால் தீங்கு என்று கருதிக் கயிறு கட்டி மக்களைத் தடுத்துவிட்டனர். இந்நிகழ்ச்சியைப் பலர் ஒரு விபத்தாகவே குறிப்பிடுவர். என் கருத்தில் அப்படைப்பின் உட்பொருள் முழுவதும் வெளிப்பட்டது அந்தக் கயிற்றில்தான். படிகத் தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் நோய், குயவுத் தொழிற்சாலைகளில் தலைமுறை தலைமுறையாய் அறியப்பட்டது. கருங்கல் உடைப்போருக்கும் சுரங்கத்தாருக்கும் வருவதும் அதுவே. பார்வையாளர் ஓரிரு மணிநேரம் அத்தூளில் நிற்பது ஆபத்தென்றால், தூளோடு வாழ்நாள் கழிக்கும் தொழிலாளியை யார் எண்ணுவது? கலைஞர் திட்டமிடாத கேள்வியைப் பொருளே எழுப்பிவிட்டது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. காட்சி முடியுமுன்னரே, 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், பீகிங் விமான நிலையத்தில் ஐ வெய்வெய் பிடிக்கப்பட்டார். 81 நாள் காவலில் வைக்கப்பட்டார். இலண்டனில் விதைகள் மே 2-ஆம் நாள் வரை கிடந்தன, விதைத்தவன் சிறையில். மறு ஆண்டில் டேட் நிறுவனம் அவற்றில் 10 டன் விதைகளை நிலையாக வாங்கிக்கொண்டது.

சிலர் கேட்பர்: 1,600 பேர் செய்ததற்கு ஒருவர் பெயர் சூட்டிக்கொள்ளலாமா? எழுபது கைகளை மறைத்த பழைய அநீதி இதிலும் தொடரவில்லையா? நியாயமான கேள்வி. காட்சியில் அத்தொழிலாளர் வேலை செய்வதைப் படம் பிடித்துத் திரையில் காட்டினார்கள் என்பது ஓரளவு சமாதானம். ஆயினும் முகங்களைக் காட்டுவதும் பெயர்களைச் சொல்வதும் ஒன்றாகிவிடா. அந்த 1,600 பெயர்களையும் சுவரில் எழுதியிருந்தால் படைப்பு இன்னும் உயர்ந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

2017-ஆம் ஆண்டில் அவர் செய்வித்த நீலத் தட்டுகள் ஆறு. போர், இடிபாடு, பயணம், கடல் கடத்தல், அகதி முகாம், கிளர்ச்சி என்பன அவற்றின் பொருள்கள். முன்னைய இரண்டு ஆண்டுகளில் மத்தியதரைக் கடலைத் தோணிகளில் கடந்த அகதிகளை அவர் நேரில் சென்று கண்டிருந்தார். பழைய சாடிகளில் அலைகளையும் மேகங்களையும் வரையும் அதே நீலக் கோடுகளால், நிறைசுமையாய்த் தள்ளாடும் தோணிகளும் கூடாரங்களும் முள்வேலிகளும் தீட்டப்பட்டன. மத்தியதரைக் கடல் நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டியதில்லை. இலங்கைப் போரில் தமிழர் கடந்த கடல்களும் அத்தகையனவே. 1988-ஆம் ஆண்டில் கொழும்பில் பிறந்து, மறு ஆண்டே பெற்றோருடன் சிட்னியில் குடியேறிய ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் இன்று ஆஸ்திரேலியாவின் குறிப்பிடத்தக்க சுடுமண் கலைஞர். 2015-இல் அந்நாட்டின் சிட்னி மையர் மட்கலைப் பரிசைப் பெற்றவர். கோயில் காவல் தெய்வங்களை நினைவூட்டும் அவருடைய பல வண்ண உருவங்களில் வழவழப்பு இராது. விரல் அமுக்கிய தடம் அப்படியே நிற்கும். மண்ணைப் பிசைந்த கையை மறைக்கக் கூடாது என்பதை அவர் வேறொரு வழியில் சொல்கிறார்.

தமிழ்நிலத்தில் இக்கலைக்குப் புதிய வேகம் தந்தது புதுச்சேரி. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் இந்தியாவின் மட்கலைஞர் பலர் பயின்றனர். பீங்கானினும் சற்றுப் பருத்த, உயர் சூட்டில் சுடும் மட்கலமே அவர்கள் வேலை. மீக்கர் பச்சை மண் செங்கல்லால் வீடு கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கி முழுதாய்ச் சுட்டெடுக்கும் முறையையும் பல்லாண்டு முயன்று பார்த்தார். ஏழைகளுக்கு உறுதியான வீடு வேண்டும் என்பது அவர் நாட்டம். விருத்தாசலமும் பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்பெற்றது. இந்நாட்டில் கோலாசிலாங்கூர் வட்டாரத் தமிழ்க் குயவர் செய்யும் அகல்களும் பொங்கல் பானைகளும் ஆண்டுதோறும் நம் வீடுகளுக்கு வருகின்றன. அவற்றைக் கலை என்று யாரும் அழைப்பதில்லை. அழைக்கத் தடையும் இல்லை.

கேமரன் மலையைக் கலைஞர்கள் வரையாமல் விட்டுவிடவில்லை. தேயிலைப் பெட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் அதன் பசுமை அலை அலையாய்க் காட்சி தருகிறது. 1929-ஆம் ஆண்டில் ரசல் என்பவர் தொடங்கிய போ தோட்டத்திலிருந்து இம்மலையின் தேயிலை வரலாறு பெருகிற்று. சரிவுகளில் வேர்விட்ட அச்செடிகளை நட்டும் கொய்தும் வளர்த்தவர்களுள் தமிழர் பெரும்பாலோர். இன்று அவ்வேலையில் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. படத்திலோ பசுமை மட்டும் நிற்கும். மனிதர் இருந்தால் கூடையேந்திப் புன்னகை புரியும் ஒரு பெண், அதுவும் அலங்காரத்துக்காக. தூர்ந்த நீர்த்தேக்கம் படத்துக்குள் வருவதே இல்லை. அதை வரைய வேண்டிய மண்ணுக்கு அலைய வேண்டாம். தேக்கத்திலிருந்து வாரிக் கொட்டும் வண்டலில் களிமண்ணும் படிகமும் கலந்தே இருக்கின்றன. இரும்பு கலந்திருப்பதால் சுட்டால் வெள்ளையாய் வராது. சிவந்து பழுத்துத்தான் வரும்.

தூய வெண்களிமண்ணின் பயனோ பலவாறு விரிகிறது. கோப்பைக்குப் போவது அதில் ஒரு பங்குதான். சுவர் ஓடு, வண்ணச் சாயம், ரப்பர், முகப்பூச்சு ஆகியவற்றிலும் அது கலக்கிறது. தாளின் மேற்பரப்பை வழவழப்பாக்கும் பூச்சுக்கும் கயோலின் பயன்படுகிறது. தேயிலைச் சரிவின் படத்தை அச்சிட்டுப் புத்தாண்டுக்குக் கடைக்காரர் தரும் பளபளப்பான நாட்காட்டித் தாளை விரல்நுனியால் தடவினால், நாம் தொடுவது அந்த மண்ணாகவும் இருக்கலாம்.